மைனஸ் பன்னிரண்டிலை ஓடின பண்டத்தரிப்பு வான்

வாகனத்துக்கு நோய் வருத்தம் பாக்கிற தொழிலிலை ஒரு கரைச்சல் இருக்கு: வருத்தக்காரன் வாய் திறக்கமாட்டான், கூட வந்த சொந்தக்காரர் வாய் மூடமாட்டார்.

ஸ்கானரும் மீற்றருமாத் திரியிற என்ரை சக பாவப்பட்ட சனங்களே, உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன். நான் சுமதி. அச்சுவேலியிலை கனகண்ணையின்ரை கராச்சிலை பத்து வருசமா வாகனங்களின்ரை வயர் வேலை பாக்கிறன். கனகண்ணை எஞ்சின்காரன். எஞ்சினை ஸ்ராட் பண்ணிப்போட்டுத் தலையைச் சரிச்சு, கண்ணை மூடிக் கேட்டாரெண்டால் உள்ளை என்ன பிழை எண்டு சொல்லிப்போடுவார். எனக்கு அந்தக் காது இல்லை. எனக்கு இருக்கிறது ஒரு ஸ்கானர், ஒரு மீற்றர், கொஞ்சம் நீண்ட நாக்கு.

நான் சொல்லப்போறது முழுக்க ஒரு சின்னச் சாமானைப் பற்றி. எஞ்சினுக்குள்ளை போற காத்து எவ்வளவு சூடு எண்டு பாத்துக் கொம்பியூட்டருக்குச் சொல்லுற சென்சர். சுண்டுவிரல் அளவுதான் வரும். ஆனால் அந்தக் கோதாரி என்னைப் படுத்தின பாட்டுக்கு ஒரு லொறி அளவு இருந்திருக்கோணும்.

வேர்வை

சாவகச்சேரியிலை இருந்து ஒரு ஐயா காரோடை வந்தார். ஓய்வு பெற்ற அதிகாரியாம், சேட்டு மடிப்புக் கலையாத ஆள். நான் எஞ்சின் மூடியை, பொனற்றைத் திறக்க அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இஞ்சை ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" பக்கத்துக் காருக்குக் கீழை கிடந்த கனகண்ணை காலை மட்டும் ஆட்டிக் காட்டி, "ஒராள் இருக்கிறன் ஐயா, ஆனால் எனக்கு வயரைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது" எண்டார். ஐயா போய்க் கதிரையிலை இருந்திட்டார்.

கார் காலமையிலை ஸ்ராட் வரப் பஞ்சிப்படுகுது எண்டதுதான் முறைப்பாடு. கழட்டிப் பாத்தால் காத்துச் சென்சரிலை எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களி மாதிரி அப்பிக் கிடக்கு. துப்பரவாக்கிப் பூட்டினன். எஞ்சின் வடிவா வேலை செய்தது. காத்தின்ரை சூட்டை இது சரியாச் சொன்னால்தான் எஞ்சின் சரியா ஓடும் எண்டு அவருக்கு ஆறுதலா விளங்கப்படுத்தினன். அவர் முகம் முழுக்க வேர்வையோடை எல்லாத்தையும் கேட்டு முடிச்சு, காருக்குள்ளை ஏறிக் குளிர்காத்துச் சுவிச்சை இரண்டு தரம் தட்டிப் பாத்தார். அது எத்தினையோ வருசமா வேலை செய்யேல்லையாம்.

"எஞ்சினுக்கு எவ்வளவு சூடு எண்டு மினக்கெட்டுப் பாக்கிறாய் பிள்ளை, உள்ளை இருக்கிற எனக்கு எவ்வளவு சூடு எண்டு ஒருத்தரும் கேக்கிறியள் இல்லையே!"

குருநகரிலை நாப்பது

அருளப்பு அண்ணை குருநகரிலை மீன் ஏத்துற சின்ன லொறி வச்சிருக்கிறவர். அவற்றை லொறி கராச்சுக்கு வாறது எங்களுக்கு அரை மைலுக்கு முன்னமே மூக்காலை தெரியும். அண்டைக்கு எஞ்சின் லைற் எரிஞ்சபடி வந்தது. ஸ்கானரைக் கொழுவினன். உள்ளை போற காத்து மைனஸ் நாப்பது பாகை எண்டு காட்டுது. வெளியிலை தார் உருகிற வெய்யில்.

மைனஸ் நாப்பது எண்டால் எங்கடை ஆக்களுக்கு உடனை விளங்கும், வயர் அறுந்து போச்சு. அந்தச் சென்சர் குளிர்ந்தால் கறன்ரை மறிக்கும், சூடானால் வழிவிடும். வயரே இல்லையெண்டால் கறன்ற் ஒரு சொட்டும் வராது. கொம்பியூட்டர் பாவம், உலகத்திலை உள்ள குளிர் முழுக்க இஞ்சைதான் எண்டு நினைச்சுக்கொள்ளும். மீன் மணத்துக்கு வந்த எலி வயரைக் கடிச்சு விட்டிருந்தது. பொருத்திச் சுத்தி விட்டன், அரை மணித்தியால வேலை. அருளப்பு அண்ணை மட்டும் ஸ்கானரை விட்டு அசையேல்லை. வயரைப் பொருத்த முதல் அந்த இலக்கத்தைத் தன்ரை போனிலை படம் எடுத்துப்போட்டுத்தான் விட்டார்.

"என்ரை மூத்தவன் கனடாவிலை இருந்து மைனஸ் முப்பது, மைனஸ் முப்பது எண்டு ஒவ்வொரு நாளும் பெருமை அடிக்கிறான், குருநகரிலை நாப்பது எண்டு இண்டைக்குக் காட்டிறன் அவனுக்கு!"

யப்பான் நம்பின பொய்

இனித்தான் தவமண்ணையின்ரை கதை. மற்ற இரண்டும் பகிடி, இது பகிடி இல்லை.

தவமண்ணை பண்டத்தரிப்பு ஆள். பள்ளிக்கூட வான் ஓடுறவர். காலமை ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டு, பதினாலு பிள்ளையளை வீடு வீடா ஏத்திச் சுன்னாகத்திலை பள்ளிக்கூட வாசலிலை இறக்குவார். பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து வீட்டிலை விடுவார். அந்த வானை விட்டால் அவருக்கு வேறை தொழில் இல்லை. அந்த வான்தான் மூண்டு மாசமா நடுறோட்டிலை நிண்டு நிண்டு போகுது. கறுத்தப் புகை வேறை. மூண்டு கராச்சிலை காட்டி, ஸ்பார்க் பிளக் மாத்தி, பெற்றோல் பம்ப் மாத்தி, ஆளும் இளைச்சுப்போனார். இரண்டு பிள்ளையளைத் தாய்தேப்பன் வேறை வானுக்கு மாத்திப்போட்டினம். மிச்சப் பன்னிரண்டு பேரின்ரை வீட்டிலையும் யோசிக்கத் தொடங்கியிட்டினம் எண்டு சொல்லேக்கை அவற்றை குரல் இறங்கிப்போச்சு.

கனகண்ணை காது குடுத்துக் கேட்டுப்போட்டு, "பெற்றோலை அளவுக்கு மிஞ்சிக் குடிக்குது" எண்டார். ஏன் குடிக்குது எண்டு காது சொல்லாது, அது என்ரை பக்கம். ஸ்கானரிலை பிழை எண்டு ஒண்டுமே இல்லை, எஞ்சின் லைற்றும் எரியேல்லை. சரியெண்டு ஒவ்வொரு சென்சரும் என்ன சொல்லுது எண்டு வரிசையாப் பாத்துக்கொண்டு வந்தன். உள்ளை போற காத்து: மைனஸ் பன்னிரண்டு. பங்குனி மாச மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழை, எனக்கு நாடியாலை வேர்வை ஒழுகுது. மைனஸ் நாப்பது எண்டால் கொம்பியூட்டரே சந்தேகப்பட்டு லைற்றைப் போட்டிருக்கும். மைனஸ் பன்னிரண்டு எண்டதை அது நம்பிப்போட்டுது. ஏன் நம்பாது? அதைச் செய்தது யப்பானிலை, அங்கை பனி கொட்டும். குளிர் நாடு எண்டு நினைச்சுப் பெற்றோலை வாரி ஊத்திக்கொண்டிருக்கு, ஸ்பார்க் பிளக் முழுக்கக் கரி படிஞ்சு வான் நிக்குது. பண்டத்தரிப்பிலை பிறந்த கொம்பியூட்டர் எண்டால் முதல் நாளே "உதென்ன விசர்க்கதை" எண்டு கேட்டிருக்கும்.

வேறை வானிலை கழட்டின நல்ல சென்சர் ஒண்டு எடுத்துப் பூட்டினன். முப்பத்தஞ்சு எண்டு காட்டிச்சுது. பிளக்குகளைத் துடைச்சுப் போட்டு ஓடிப் பாத்தம், புகை இல்லை, நிக்கவும் இல்லை. "சரியண்ணை, இனிப் பயமில்லாமல் ஓடுங்கோ" எண்டன். வாய் நிறையச் சொன்னன். தவமண்ணை மூண்டு மாசத்துக்குப் பிறகு சிரிச்சார்.

"இனி இது நிண்டுதெண்டால் பிள்ளை, கயித்தைக் கொண்டுவந்து உன்னைத்தான் முன்னுக்குக் கட்டி இழுக்க விடுவன்."

கயிறு

எட்டாம் நாள், வியாழக்கிழமை, வான் வந்தது. உழவு மிசினுக்குப் பின்னாலை, கயித்திலை கட்டுப்பட்டு வந்தது.

அதுக்கு முந்தின நாள், புதன் காலமை, சுன்னாகத்திலை ரெயில் பாதையைக் கடக்கேக்கை, தண்டவாளத்துக்கு மேலை நிண்டுபோச்சாம். கேற் திறந்துதான் இருந்தது, ரெயில் வர நேரமும் கிடந்தது. கடைக்காரர் ஓடிவந்து பிள்ளையளை இறக்கி, வானைத் தள்ளி அங்காலை விட்டிருக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. ஆனால் பின்னேரம் பன்னிரண்டு வீட்டுச் சனமும் தவமண்ணையின்ரை வாசலிலை நிண்டிச்சினம். அவரிலை கோவம் இல்லையாம், பயமாம். திங்கக்கிழமை காலமை வான் சரி எண்டு கண்ணாலை காணாட்டில், எல்லாரும் வேறை வானுக்குப் போறதெண்டு முடிவு.

"பயமில்லாமல் ஓடுங்கோ" எண்டு சொன்ன வாய் என்ரை வாய். அந்த வாயை நம்பித்தானே மனுசன் பன்னிரண்டு பிள்ளையளை ஏத்தினவர். அவர் அந்தக் கயித்துப் பகிடியை ஞாபகப்படுத்தவும் இல்லை, ஒரு சொல்லு ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும். ஸ்கானரைக் கொழுவினன். புதுச் சென்சர், மைனஸ் ஒன்பது எண்டு சொல்லுது.

கனகண்ணை கையைத் துடைச்சபடி வந்து இலக்கத்தைப் பாத்தார், என்ரை முகத்தைப் பாத்தார்.

"நீ வருத்தக்காரனை மாத்திப்போட்டாய் சுமதி, வருத்தம் அங்கையேதான் இருக்கு."

மணம்

அப்பதான் எனக்குப் புத்தி வந்தது. நான் சென்சரைத்தான் சோதிச்சனான், சென்சருக்கு வாற வயர் வழியைச் சோதிக்கேல்லை. எங்கடை தொழிலிலை படிக்கிற முதல் பாடம் அது. தவமண்ணையின்ரை அந்தச் சிரிப்பைப் பாத்த சந்தோசத்திலை மறந்துபோனன்.

சென்சரிலை இருந்து வயர்ப் பிளக்கைக் கழட்டினன். மைனஸ் நாப்பதுக்குப் போச்சு, அது சரி. பிறகு பிளக்கின்ரை இரண்டு முனையையும் ஒரு துண்டுக் கம்பியாலை தொடுத்தன். மறிக்க ஒண்டும் இல்லாததாலை இப்ப இலக்கம் நூறையும் தாண்டிப் பாயோணும். பதினெட்டிலை ஏறி நிண்டுட்டுது. அப்ப கறன்ரை வழியிலை ஆரோ மறிக்கினம். பிளக்குக்குள்ளை ரோச் அடிச்சுப் பாத்தால், செம்பு முனை இரண்டும் பாசி பிடிச்ச மாதிரிப் பச்சை. புதுச் சென்சர் பூட்டேக்கை நான் அமத்தின அமத்திலை அந்தப் பச்சை உரஞ்சுப்பட்டு, ஒரு கிழமை சரியா வேலை செய்திருக்கு. கடலோரத்து வாகனம் எண்டால் உப்புக்காத்து எண்டு விட்டிருப்பன். இது தோட்டக் காணிக்கு நடுவிலை நிக்கிற வான். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனன். புளிச்ச மணம் அடிச்சுது.

நிமிந்து பாத்தன். பிளக்குக்கு நேர் மேலை, பொனற்றுக்குக் கீழை, ஒரு நூலிலை எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயுமாக் கோத்துத் தொங்குது. ஒண்டில்லை, பதின்மூண்டு பழம். காஞ்சது, அழுகினது, எஞ்சின் சூட்டிலை அவிஞ்சு வெடிச்சது, புதுசு எண்டு ஒரு குடும்பமே தொங்குது. சொட்டுச் சொட்டாப் புளி இறங்குது.

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நான் அதை முதல் நாளே கண்டனான். கோயிலிலை வச்சுக் கட்டின சாமான் எண்டு, கை படாமல் பக்குவமா ஒதுக்கி ஒதுக்கி வேலை செய்தனான். எனக்கு முதல் பாத்த மூண்டு கராச்சுக்காரரும் அப்பிடித்தான் செய்திருப்பினம். நாலு பேர் நாலு விதமா வானைக் கழட்டியிருக்கிறம், ஒருத்தரும் அந்த நூலிலை கை வைக்கேல்லை.

நாங்கள் போன் அடிச்சவுடனை தவமண்ணையின்ரை மனுசி ராணியக்கா பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தா. முன்னாலை வெளியிலைதான் முதல் கட்டினவவாம். வானிலை வாற பெடியள் பிடுங்கிப் பந்தடிச்சுப்போட்டாங்களாம். அதுதான் ஒருத்தற்றை கையும் எட்டாத இடமாப் பாத்து உள்ளை கட்டினவ. வான் நிக்கத் தொடங்கினவுடனை ஆற்றையோ கண் பட்டுப்போச்சு எண்டு வெள்ளிக்கு வெள்ளி இன்னொண்டு சேர்த்திருக்கிறா. சேர்க்கச் சேர்க்க வான் இன்னும் நிண்டிருக்கு, நிக்க நிக்க அவ இன்னும் சேர்த்திருக்கிறா. நான் சிரிக்கேல்லை. எங்கடை வீட்டு மோட்டச்சைக்கிளிலையும் ஒண்டு தொங்குது. பச்சை பிடிச்ச பிளக்கை அவவின்ரை உள்ளங்கையிலை வச்சுக் காட்டினன். அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு.

"அப்ப ஊரிலை ஒருத்தற்றை கண்ணும் இல்லைத் தங்கச்சி, என்ரை கைதானோ?"

கூடு

"உங்கடை கை இல்லை அக்கா, கட்டின இடந்தான் பிழை" எண்டு அவவைத் தேற்றிப்போட்டு வேலையைத் தொடங்கினன். பச்சை பிடிச்ச பிளக்கை வெட்டி எறிஞ்சு, நல்ல பிளக் ஒண்டு பொருத்தி, ஈயம் ஊத்தி, தண்ணி போகாமல் மூடிக் கட்டினன். பிறகு ஆட்டிப் பாத்தன், இழுத்துப் பாத்தன், தண்ணி தெளிச்சுப் பாத்தன். இலக்கம் அசையேல்லை. வெள்ளியும் சனியும் கனகண்ணையும் நானும் மாறி மாறி அந்த வானை ஓடினம். முந்தி ஒருக்காப் பட்ட அடி, இந்த முறை "சரி" எண்ட சொல்லை வாயிலை எடுக்கவே எனக்குப் பயம்.

ராணியக்காவுக்குப் பழம் இல்லாமல் பிள்ளையளை ஏத்த மனம் இல்லை. இரண்டு நாளும் கராச் வாசலிலை ஒரு புதுப் பழத்தைக் கையிலை வச்சுக்கொண்டு, எங்கை கட்டலாம் எண்டு கேட்டபடி இருந்தா. கனகண்ணை எழும்பி உள்ளை போனார். வெல்டிங் சத்தம் கேட்டுது. திரும்பி வரேக்கை கையிலை ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளுற அளவிலை கம்பிக் கூடு, கதவும் கொண்டியும் வச்சுச் செய்திருக்கிறார். வானின்ரை முன்பக்கம், இலக்கத் தகட்டுக்கு மேலை பூட்டி விட்டார். காத்தும் படும், எல்லாரும் காணுவினம், பெடியள் பிடுங்கேலாது.

"எஞ்சினுக்குள்ளை நானும் சுமதியும் பாக்கிறம், வெளியிலை உன்ரை பழம் பாக்கட்டும் ராணி, ஆளுக்காள் வேலையை மாறிச் செய்யாமல் இருந்தால் காணும்."

ஆறே முக்கால்

திங்கக்கிழமை ஆறரைக்குப் பண்டத்தரிப்பிலை நிண்டன். பெற்றோர் எல்லாரும் வந்திருந்திச்சினம், வேறை வானுக்குப் போன இரண்டு வீட்டாரும் புதினம் பாக்க வந்து நிண்டிச்சினம். ராத்திரி முழுக்க நிண்ட வானை ஸ்ராட் பண்ண முதல் ஸ்கானரைக் கொழுவினன். ஆறின எஞ்சினிலை காத்தின்ரை சூடும் எஞ்சின் தண்ணியின்ரை சூடும் கிட்டத்தட்ட ஒண்டாத்தான் இருக்கோணும், இல்லையெண்டால் ஆரோ பொய் சொல்லுறான். காத்து இருபத்தேழு. தண்ணி இருபத்தேழு. ஒரு தாய் தன்ரை போனிலை இண்டைக்கு எவ்வளவு எண்டு பாத்தா, அதிலையும் இருபத்தேழு. அவ போனை மற்ற ஆக்களுக்குக் காட்டினா. எல்லாரும் எட்டிப் பாத்துப்போட்டுப் பிள்ளையளை ஏற விட்டினம். நானும் ஏறி முன் சீற்றிலை ஸ்கானரை மடியிலை வச்சுக்கொண்டு இருந்தன். அந்த இரண்டு வீட்டுத் தாய்மாரிலை ஒராள், கண்ணாடி போட்ட அக்கா, ஸ்கூட்டியிலை பின்னாலை வந்தா.

பிள்ளையளுக்கு அது விளையாட்டாப் போச்சு. எட்டிப் பாத்து இலக்கத்தைக் கத்துதுகள். "இருபத்தெட்டு! முப்பது!" சுன்னாகத்திலை ரெயில் கேற் மூடியிருந்தது. எங்களுக்கு எண்டே மூடி வச்ச மாதிரி. வான் தண்டவாளத்துக்கு முன்னாலை நிண்டு இரையுது. முந்தி எண்டால் இப்பிடிச் சும்மா நிக்கேக்கையும் கரி பிடிச்சு எஞ்சின் நிண்டுபோறது. பிள்ளையள் கத்திறதை நிப்பாட்டியிட்டுதுகள். தவமண்ணையின்ரை கை ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடிச்சபடி இருக்கு. நான் இலக்கத்தைப் பாக்கேல்லை, கண்ணை மூடிக் கனகண்ணை மாதிரி எஞ்சினின்ரை சத்தத்தைக் கேட்டன். ரெயில் போச்சு. கேற் எழும்பிச்சுது. வான் ஒரு குலுக்கலும் இல்லாமல் தண்டவாளத்தைக் கடந்து அங்காலை போச்சு. பின்னுக்கு இருந்த பன்னிரண்டும் வான் கூரை பறக்கிற மாதிரிக் கத்திச்சுதுகள். எனக்கு அழுகை வந்திட்டுது, அதை மறைக்கவும் இல்லை.

பள்ளிக்கூட வாசலிலை பிள்ளையளை இறக்கிப்போட்டுத் தவமண்ணை இறங்கி, முன்னாலை போய் அந்தக் கூட்டை ஒருக்காத் தொட்டுப் பாத்தார். கண்ணாடி போட்ட அக்கா ஸ்கூட்டியைக் கொண்டுவந்து பக்கத்திலை நிப்பாட்டினா. வேறை வானுக்கு மாத்தின தன்ரை மகள் தூரத்திலை வேறை ஆக்களோடை இறங்கிறதை ஒருக்காப் பாத்தா, பிறகு தவமண்ணையைப் பாத்தா.

"நாளைக்கும் ஆறே முக்கால்தானே, தவமண்ணை?"

பழம் இப்ப கூட்டுக்குள்ளை இருந்து காத்து வாங்குது, சென்சர் காத்துக்குச் சூடு பாக்குது, போன இரண்டும் திரும்பி வந்து பதினாலு பிள்ளையளும் சந்தோசமாப் போய் வருகுதுகள், நான் மட்டும் எந்த வாகனம் வந்தாலும் ஸ்கானரை எடுக்க முதல் பொனற்றுக்குள்ளை மூக்கை விட்டு மணந்து பாக்கிற ஆளா மாறிப்போனன்.